ஆவுடையம்மாளின் காலை ஆறு மணி

ஏப்ரல் 11, செவ்வாய்

அம்மா இறந்து ஐந்து நாள் ஆகிறது. அவள் அறையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இந்த வருடத்து டைரிகள் கிடந்தன. அவள் ஆலோசகராக வேலை பார்த்த புதுவாசல் குடிநோய் மீட்பு இல்லத்தில் சேருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பாள். தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும், பொய்யாக இருந்தாலும் எழுத வேண்டும் என்பது அவள் சட்டம். அதில் ஒன்றை எடுத்து எழுதுகிறேன். அந்தச் சட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. எனக்கு வேறு வேலை வந்திருக்கிறது.

காலையில் ஜெசிந்தா மேடம் வந்தார். அம்மாவிடம் தொழில் கற்றுக்கொண்டு இனி அவள் நாற்காலியில் உட்காரப்போகிறவர்.

“மே ஏழாம் தேதி ஞாயித்துக்கெழம இல்லத்துல அம்மாவுக்கு முப்பதாம் நாள் கூட்டம் நயினார், லீவு நாளாப் பாத்து ரெண்டு நாள் தள்ளி வச்சிருக்கோம். அம்மாட்ட வந்து குடிய விட்டவங்க எல்லாரும் வருவாங்க. நீங்கதான் பேசணும்.”

“எனக்குப் பேச வராது மேடம்.”

“ரெண்டு பக்கம் எழுதி வச்சு வாசிங்க, போதும். பெத்த பிள்ளையவிட யாருக்கு என்ன தெரியப்போவுது?”

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் இருக்கும் நயினார் கிராபிக்ஸ் என்னுடையது. காதணி, கல்யாணம், கடை திறப்பு எல்லாம் செய்வேன் என்றாலும் என் பெயர் நிற்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்தான். வண்ணார்பேட்டையிலிருந்து சமாதானபுரம் வரை சுவர்களில் சிரித்துக்கொண்டிருக்கும் இறந்தவர்களில் பாதிப் பேரை வழியனுப்பியது என் கைதான். பதினாறு வருடத்தில் ஒரு பெயரோ தேதியோ பிசகியதில்லை. இரண்டு பக்கம் எனக்கு அரை மணி நேர வேலை.

ஏப்ரல் 12, புதன்

எழுதியது இவ்வளவுதான்: “பாசமிகு தாயாரும், பண்பின் சிகரமும், ஏழை எளியோரின்...” அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் போஸ்டர்தான் வருகிறது.

சரி, தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதிப் பார்ப்போம். அப்பா குடித்துக் குடித்து ஈரல் கெட்டு இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா அப்போது தையல் டீச்சர். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில்தான் ஒரு டாக்டர் சொன்னாராம், இது கெட்ட பழக்கம் இல்லையம்மா, வியாதி என்று. இதை ஏன் பத்து வருடத்துக்கு முன்னால் ஒருத்தரும் சொல்லவில்லை என்று அந்த மனிதரிடம் சண்டை போட்டிருக்கிறாள். காரியம் முடிந்த மறுமாதம் என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போய் இந்தப் படிப்பைப் படித்துவந்தாள். அன்றிலிருந்து இருபத்தொன்பது வருடம், போன மாதம் படுக்கையில் விழும்வரை, அவளுக்கு வேறு வேலை கிடையாது.

வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். தென்காசித் தண்ணீரில் பிள்ளைக்கு முடி கொட்டுவதில்லை என்று என் மனைவி பகவதி பிப்ரவரியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய், மகிழினியை அங்கேயே பள்ளியிலும் சேர்த்துவிட்டாள். பெண் பிள்ளைக்கு முடி முக்கியம்தான்.

சாயங்காலம் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். துக்கத்துக்கு.

ஏப்ரல் 13, வியாழன்

செருப்பைக் காணோம். கடையை விட்டு இறங்கும்போது காலில் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஏப்ரல் 15, சனி

அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போஸ்டரை நானே செய்தேன். விசேஷம் 21, வெள்ளிக்கிழமை. சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்லியாகிவிட்டது. ஊருக்குத்தான் போஸ்டர். புதுவாசலில் அவளுக்கு எடுத்த அடையாள அட்டைப் படத்தைப் போட்டேன். அதில் அவள் சிரிக்கவில்லை, நேராகப் பார்க்கிறாள். இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் அந்தப் பார்வைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. நடுவில் இரண்டு தடவை எழுந்து கடையின் பின்பக்கம் போய்வந்தேன். கடைசியில் வேலை முடிந்து நானூறு பிரதி ஒட்டப் போய்விட்டது.

படையலுக்கு வைக்கச் சேலை தேடி அம்மாவின் பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் மூன்று ஜோடி புது ரப்பர் செருப்பு, ஆண்கள் செருப்பு, ஒன்பதாம் நம்பர். என் அளவு. பலசரக்கு வாங்கி வைப்பதுபோல வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 17, திங்கள்

தெருவில் ஆளாளுக்கு நிறுத்தித் துக்கம் கேட்கிறார்கள். “அம்மா போயிட்டாவளே தம்பி” என்று ஒரு வாட்ச்மேன் என் தோளில் சாய்ந்து அழுதார். யார் அம்மா? எனக்குத் தெரிந்து அவளுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் ஊரில் எண்ணூறு பேர் அவளை அம்மா என்கிறார்கள். எல்லாம் என்னைவிடத் தலை நரைத்த பிள்ளைகள்.

அவள் வேலை செய்யும் முறையை எழுத வேண்டும். அவள் யாரையும் சாயங்காலத்தில் போய்ப் பார்க்க மாட்டாள். “சாயங்காலம் குடிச்சவன்ட்ட பேசுதது செவுத்துட்ட பேசுத மாதிரி” என்பாள். “காலைல ஆறு மணிக்குத்தான் அவனுக்கு அவன் முழுசாத் தெரிவான். பல்லுகூட வெளக்கிருக்க மாட்டான். அந்நேரம் போயி வாசல்ல நின்னாத்தான் உண்டு.” அதனால் ஐந்தரைக்கெல்லாம் டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவாள். போய் நின்று அதட்ட மாட்டாள், அறிவுரை சொல்ல மாட்டாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்பாளாம். கதவைச் சாத்தினால் மறுநாள் போவாள். ஒருவர் வீட்டு வாசலில் எட்டு மாதம் நின்றிருக்கிறாள். ஊரில் மற்றப் பிள்ளைகளை அம்மா எழுப்பினாள், என்னை அலாரம் எழுப்பியது. காலையில் அவள் கையால் ஒரு காபி வாங்கிக் குடித்த நினைவு எனக்கு இல்லை.

என்னிடம் மட்டும் அவள் ஒருநாளும் ஆறு மணிக்கு வந்து நின்றதில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம், அடுத்த அறைதான். எனக்கு அந்த வியாதி இல்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி தேவையில்லை.

ஏப்ரல் 20, வியாழன்

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

நாளைக்கு விசேஷம், வேலை நிறைய இருக்கிறது என்று காலையிலேயே எழுந்தேன். உடம்பு ஒரு நிலையில் இல்லை. அதனால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு படுத்தேன். பதினொரு மணி வாக்கில் வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. கதவைத் திறந்தால் முற்றம் கொள்ளாத கூட்டம். அறுபது எழுபது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் பெண்டாட்டியோடு. மாலை, வாழை இலைக் கட்டு, ஒரு சாக்கில் காய்கறி.

“விசேஷம் நாளைக்குல்லா” என்றேன்.

முன்னால் நின்ற ஒருவர் செல்போனை எடுத்துக் காட்டினார். என் போஸ்டர்தான். அம்மா நேராகப் பார்க்கிறாள். கீழே என் எழுத்தில், என் கை அமைத்த எழுத்தில், 20-04-2023 வியாழக்கிழமை என்று இருந்தது.

சொந்தக்காரர்கள் ஒருத்தரும் வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்குச் சரியான தேதியைப் போனில் சொன்னேன். சுவரைப் பார்த்து வந்தவர்கள் மட்டும் வந்திருக்கிறார்கள், அத்தனை பேரும் அவளிடம் குடியை விட்டவர்கள். அவர்கள் முன்னால் நான் லுங்கியோடு நிற்கிறேன். தூக்கக் கலக்கத்தில் கால் தடுமாறி நிலையைப் பிடித்துக்கொண்டேன். தூக்கக் கலக்கம் என்று எழுதுகிறேன். எண்ணூறு பேரில் ஒருவரை இதில் ஏமாற்றலாம் என்றால் அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

குடித்தவனைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். பகவதியிடம் பார்த்திருக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர்களிடம் பார்த்திருக்கிறேன். இவர்கள் பார்த்தது அப்படி இல்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை, ஒருவர் முகமும் சுருங்கவில்லை. தங்கள் ஊர்க்காரன் ஒருவனை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததுபோல எல்லாரும் நின்றார்கள்.

ஐம்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியாக உயரமாக ஒருவர் படியேறி வந்தார். கையில் சிமெண்ட் பட்டுக் காய்ப்பு ஏறியிருந்தது.

“தம்பி, எம் பேரு உடையார். கொத்தனாரு. நீங்க போயி மொகத்தக் கழுவிட்டு ஒக்காருங்க. நாங்க பாத்துக்கிடுதோம்.”

“நாளைக்கு வாங்க அண்ணாச்சி. தப்பா அச்சாயிட்டு.”

“நாளைக்கும் வருவோம். வந்தது வந்துட்டோம், அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போறோம்.”

அரை மணி நேரத்தில் என் வீடு என் வீடாக இல்லை. பெண்கள் முற்றத்தைக் கழுவிக் கோலம் போட்டார்கள். இரண்டு பேர் அடுப்பை மூட்டினார்கள். ஒருவர் பின்பக்கம் கிடந்த பாட்டில்களைச் சாக்கில் கட்டி, யாருக்கும் சத்தம் கேட்காமல் வெளியே கொண்டுபோனார். பிறகு எல்லாரும் அம்மாவின் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். அவர்கள் கூட்டத்தில் அப்படித்தான் வழக்கமாம்.

ஒரு பெண் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுக்கு வெளிய ரோட்டோரமாக் கெடந்தாரு. அக்கினி வெயிலு. தூக்கிட்டுப் போக ஆளு வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. அம்மா கொடைய விரிச்சு அவரு மொகத்துக்கு நேராப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுலயே ஒக்காந்துருந்தாவ. அவுகளுக்கு நெழலு இல்ல. போறவன் வாறவன்லாம், இந்த அம்மா புருசன் போலன்னு சொல்லிட்டுப் போனான். ஆமான்னாவ.”

என் தோளில் சாய்ந்து அழுத வாட்ச்மேன் சொன்னார்: “நாலு தடவ விட்டுட்டு நாலு தடவயும் விழுந்தேன். அஞ்சாவது தடவ அவுக மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டு மச்சில ஏறி ஒளிஞ்சேன். அம்மாவுக்கு அப்ப அறுவது வயசு. ஏணியப் பிடிச்சு ஏறி வந்துட்டாவ. வந்து மூச்சு வாங்கிட்டுச் சொல்லுதாவ, எப்பா, ஒளியுதவன் தரையில ஒளியப்பிடாதா, எனக்கு முட்டு வலிக்குல்லா.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்த ஆவுடையம்மாளை எனக்குத் தெரியாது. முப்பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். வீட்டுக்குள் அவள் கொஞ்சம் சத்தமாகக் குறட்டை விடுகிற, ரசத்தில் உப்பு மறக்கிற ஒரு பெண்பிள்ளை. வெளியே இவ்வளவு பெரிய ஆளாக இருந்திருக்கிறாள். எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

சாப்பிட்டுக் கைகழுவ வெளியே வந்தபோது வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். அத்தனையும் தேய்ந்து பின்னம்பக்கம் காகிதமாகிப்போன ரப்பர் செருப்பு. வசதியாக இருக்கிறவர்களும் அதில் இருந்தார்கள்.

“எல்லாரும் ஏன் அண்ணாச்சி இப்படித் தேஞ்சதப் போட்டுருக்கீய?” என்று உடையாரிடம் கேட்டேன்.

“அம்மா குடுத்தது தம்பி. இல்லத்துல சேந்து வெளிய வாற அன்னைக்கு ஆளுக்கொரு ஜோடி குடுப்பாவ. ஒரு வருசம் கழிச்சு அதே ஜோடியப் போட்டுட்டு வந்து காட்டணும். குடிக்கவன் செருப்பு தேயாது, தொலைஞ்சிரும்னு சொல்லுவாவ. அத வச்சுத்தான் ஆளக் கண்டுபிடிப்பாவ. பேச்சக் கேக்க மாட்டாவ, காலத்தான் பாப்பாவ. அம்மா விசேஷம்னு இன்னைக்கு எல்லாரும் எடுத்துப் போட்டுட்டு வந்துருக்கோம்.”

அவர் என் காலைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வாழை மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

போன வருடம் நான் தொலைத்தது நாலு ஜோடியா, ஐந்தா? ஒவ்வொரு தடவையும் மறுநாள் நான் எழுந்திருக்கும்போது வாசலில் புது ஜோடி இருக்கும். எங்கே தொலைத்தாய் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, எல்லாரும் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

விசேஷம் முடிந்தது. விடிந்ததிலிருந்து தொடவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது கை நடுங்கிப் பாதி வெளியே போனது. ஐயர் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். மகிழினி என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது பகவதி தனியாகக் கூப்பிட்டாள். “மே ஏழாம் தேதி கூட்டத்துக்கு ஜெசிந்தா மேடம் கூப்பிட்டுருக்காங்க. வருவேன். அத்தைக்காக வருவேன். அத்தன பேரு முன்னாடி நீங்க அன்னைக்கும் இப்படித்தான் நிப்பீயன்னா, அதோட சரி. பொறவு எங்களத் தேடாதீங்க.”

“நான் இன்னைக்குக் குடிக்கல பகவதி.”

“கையப் பாத்தாலே தெரியுது” என்றாள்.

மே ஏழுக்குப் பதினாறு நாள் இருக்கிறது. நினைத்தால் என்னால் நிறுத்த முடியும்.

ஏப்ரல் 22, சனி

காலை ஆறு மணிக்குக் கதவு தட்டினார்கள். உடையார். கையில் ஒரு பால் பாக்கெட்.

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன் தம்பி.”

எனக்கு உச்சிமண்டை வரை சூடேறியது. யாரிடம் யார் வித்தையைக் காட்டுவது? என் அம்மாவின் வித்தையை என் வாசலிலேயே கொண்டுவந்து காட்டுகிறார். “பாலு வேண்டாம், நான் வாங்கிக்கிடுவேன்” என்று சாத்திவிட்டேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

ஆறு மணி. உடையார். திறக்கவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

ஆறு மணி. ஜன்னல் வழியே பார்த்தேன். பத்து நிமிடம் நின்றுவிட்டு, செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 25, செவ்வாய்

ஆறு மணி. எட்டு மாதமெல்லாம் இவர் நிற்க மாட்டார். அவருக்கும் வேலைவெட்டி இருக்கும் அல்லவா.

ஏப்ரல் 26, புதன்

கொஞ்சம்தான் என்று எழுத வந்தேன். பொய்யாக இருந்தாலும் எழுதலாம் என்பது சட்டம். கொஞ்சம் இல்லை. நேற்றும் கொஞ்சம் இல்லை. பன்னிரண்டாம் தேதியும் கொஞ்சம் இல்லை, துக்கத்துக்கும் இல்லை. பகவதி தண்ணீருக்காகத் தென்காசி போகவில்லை.

நாளையிலிருந்து தொட மாட்டேன். யார் உதவியும் வேண்டாம்.

ஏப்ரல் 29, சனி (புதுவாசல் இல்லம், ஐந்தாம் கட்டில்)

எழுத்து கோணலாக வருகிறது. நேற்று காலை சமையலறையில் டம்ளரை எடுக்கப்போய்ப் பிடிக்க முடியாமல் விழுந்தேன். சுவரில் எறும்பு ஊர்வதாகத் தெரிந்தது, எறும்பு இல்லை. அப்போதுதான் ஆறு மணிக்குத் தட்டினார்கள். தவழ்ந்துபோய்த் திறந்தேன்.

“எப்பத்துல இருந்து தம்பி நிப்பாட்டுனீய?”

“நேத்து.”

“தனியா நிப்பாட்டப்பிடாது. பல வருசமாக் குடிச்ச ஒடம்பு. வலிப்பு வந்துரும். டாக்டர் மருந்து குடுத்துப் பக்குவமா எறக்கணும்” என்று சொல்லிக்கொண்டே என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

ஜெசிந்தா மேடம் சேர்க்கைப் படிவத்தில் பெயர் எழுதிக்கொண்டு டைரி ஒன்றை நீட்டினார். எங்கிட்ட இருக்கு மேடம் என்றேன். அப்போதுதான் அவர் கண் கலங்கியது.

மே 2, செவ்வாய்

கஞ்சி இறங்குகிறது. தூக்கம் வருகிறது. பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர் சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைக் காட்டி, “யாரு இந்தப் பாட்டி, மொறச்சுக்கிட்டே இருக்கு?” என்று கேட்டார். எங்க அம்மா என்றேன். வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

மே 4, வியாழன்

உடையார் தினமும் வேலைக்குப் போகும் வழியில் வருகிறார். இன்று கேட்டேவிட்டேன். “நான் யாரு ஒங்களுக்கு? மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்துனேன். எதுக்கு அண்ணாச்சி வந்தீய?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நான் குடிய விட்டு ஒரு வருசம் முடிஞ்ச அன்னைக்கு அம்மாட்ட கேட்டேன், ஒங்களுக்கு நான் என்ன செய்யணும்னு. கட்டடம் கட்டுத ஆளுல்லா, வீட்டுல ஒரு ரூம்பு எடுத்துக் குடுப்போம்னு நெனப்பு. அம்மா சொன்னாவ, எம் பிள்ளையும் குடிக்கான் உடையாரு, ஊரு வாசல்ல எல்லாம் போயி நிக்கேன், எம் பிள்ள ரூம்பு வாசல்ல போயி நிக்க முடியல, நான் நின்னா அது அவனுக்கு அம்மா ஏசுததாத்தான் இருக்கும், அப்படீன்னாவ. அன்னைக்குத்தான் அவுக அழுது பாத்தேன்.”

அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அப்பா இறந்தபோதுகூட.

“அவன் என்னைக்காவது வருவான், நான் இருக்கையிலயோ போன பொறவோ வருவான். அன்னைக்கு நீ தெளிவா இருக்கணும், எனக்கு அது ஒண்ணு செஞ்சாப் போதும்னாவ. சரின்னுட்டேன். ஆறு வருசம் ஆச்சு.”

“எந்த நாள்னு ஏதும் சொன்னாவளா?”

“அதுதான தம்பி விசயமே. எந்த நாள்னு தெரியாதுல்லா. தெரிஞ்சிருந்தா அதுக்கு முந்தின நா வரைக்கும் குடிச்சிருப்பேன். காலைல எந்திரிக்கும்போது நெனப்பேன், அம்மா மவன் இன்னைக்கு வந்துட்டா? சரி, இன்னைக்கு ஒரு நா வேண்டாம்னு வேலைக்குப் போவேன். ஒங்க கட வழியாத்தான் போவேன். நீங்க ஷட்டரத் தூக்கிட்டு நிப்பீய. இன்னைக்கு இல்லன்னு நெனச்சுக்கிட்டுப் போயிருவேன். நீயாப் போயிக் கூப்பிடாதன்னு சொல்லிருந்தாவ.”

“நானும் வரலியே. நீங்கதான வீட்டுக்கு வந்தீய?”

“இல்ல தம்பி. போஸ்டர்ல வேற நாளப் போட்டு எங்க எல்லாரையும் நீங்கதான் கூப்பிட்டீய. கதவத் தொறந்து அந்த நெலமையில எங்க முன்னாடி வந்து நின்னீய. அதுதான் நீங்க வந்த நாளு.”

“நான் சாகுற வரைக்கும் வராமப் போயிருந்தா?”

“நானும் சாகுற வரைக்கும் குடிக்காமப் போயிருப்பேன்” என்றார் உடையார், சாதாரணமாக.

ஆறு வருடம் நான் குடித்த ஒவ்வொரு நாளும் ஒரு மனிதனைக் குடிக்க விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. அம்மா அதை அப்படிக் கட்டிவைத்துவிட்டாள். என் குடியைக்கூட அவள் வீணாக்கவில்லை. எத்தனையோ போஸ்டரில் “தெய்வத்திரு” என்று அர்த்தமில்லாமல் அச்சடித்திருக்கிறேன். இன்றைக்கு அந்த வார்த்தையை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஒருத்தியின் வயிற்றில் பிறந்திருக்கிறேன் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

மே 6, சனி

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். மருந்து தொடர வேண்டும், வாரம் மூன்று கூட்டத்துக்கு வர வேண்டும். இரண்டு பக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

மே 7, ஞாயிறு

முந்நூறு பேர் வந்திருந்தார்கள். பகவதி கடைசி வரிசையில் மகிழினியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நான் ஆவுடையம்மாள் மகன் நயினார். பதினாலு வருசமாக் குடிக்கேன். அம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக் குடிச்சேன். குடிக்காம இன்னைக்குப் பதினோராவது நாளு. அம்மாவப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒங்களுக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்லித் தாங்க.”

அவ்வளவுதான் வந்தது. யாரும் கை தட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து சாயங்காலம் வரை சொன்னார்கள். மகிழினி வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பகவதி திரும்பி வந்துவிட்டாள் என்று எழுத ஆசைதான். “ஒரு வருசம் போவட்டும்” என்றாள். “ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பிள்ளையப் பாருங்க. காலைலயே வாங்க.”

மே 8, திங்கள்

ஆறு மணிக்கு உடையார் வரவில்லை. ஆறேகால், ஆறரை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பதினாறு நாளில் ஒருநாள் தவறாதவர். போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு குலவணிகர்புரத்தில் அவர் வீட்டைக் கேட்டு விசாரித்துப் போனேன்.

வாசல்படியில் சட்டைகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். ரசமட்டமும் கரண்டியும் இருந்த வேலைப் பை பக்கத்தில் கிடந்தது. பக்கத்தில் போய் மூச்சை இழுத்து மோந்து பார்த்தேன். அதைச் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது. வாடை இல்லை.

“குடிக்கல தம்பி” என்றார். “பயமா இருக்கு. காலைல எந்திரிச்சேன், வழக்கம்போல இன்னைக்கு வருவாரான்னு நெனச்சேன். வந்துட்டீயல்லா, நேத்து எல்லாரு முன்னாடியும் நின்னு சொல்லிட்டீயல்லா. என் சோலி முடிஞ்சிட்டு. இன்னைக்கு எதுக்குக் குடிக்காம இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் தெரியல. ஆறு வருசத்துல இப்படி ஒரு காலைய நான் பாக்கல.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் இருமல் கேட்டது. கைக்குழந்தை அழுதது.

“உள்ள யாரு அண்ணாச்சி, மவளா?”

“மவதான். ஊர்ல இருந்து வந்து ஒரு மாசம் ஆச்சு.” வேலைப் பையைக் கிட்டே இழுத்துக்கொண்டார். “மருமவன் குடிக்காரு. ஆலங்குளத்துல டயர் கட வச்சிருக்காரு. நல்ல பையன்தான், கையில தொழில் இருக்கு. நான் போயி என்ன சொல்ல? மாமனாரு வாயத் தொறந்தா மருமவனுக்கு வீம்புதான் ஏறும். ஊரு முழுக்கப் போயி நிக்கேன், அவரு வாசல்ல மட்டும் நிக்க முடியல.”

சொல்லி முடித்ததும் அவருக்கே அது கேட்டது. என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

“எப்ப வருவாரு அண்ணாச்சி?” என்று நான்தான் கேட்டேன்.

“தெரியாது தம்பி. நாளைக்கே வரலாம். பத்து வருசம் ஆவலாம்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “வாற அன்னைக்கு நீங்க தெளிவா இருக்கணும்.”

“இருக்கேன்” என்றேன். “ஆனா நான் பன்னெண்டு நாளுக்காரன். தினமும் காலைல ஆறு மணிக்கு நீங்க வந்து என்னையப் பாக்கணும். நீங்க பாக்காட்டி நான் இருக்க மாட்டேன்.”

உடையார் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார், பையை எடுத்தார். சாரம் கட்ட ஆள் காத்திருக்கும், நேரமாயிற்று என்றார்.

மருமகன் பெயர் இசக்கிராஜா. முப்பது வயதாம். நான் அவரைப் பார்த்ததில்லை, அவருக்கு என்னைத் தெரியாது. நாளைக் காலையிலேயே வந்து நின்றாலும் நிற்பார்.